பீப்பாய் மேல் நின்று சொன்ன கொலை

சம்மட்டி என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ தேடுகிறார்கள் என்று அவனும் கூடச் சேர்ந்து தேடுவான். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். மீசை முளைக்காத வயதில் வெறுங்காலோடு பழைய இரும்பு யார்டுக்குள் நுழைந்து, தகட்டைத் தோளில் ஏற்றி, தோல் உரிந்து, உரிந்த இடம் காய்த்து, கடைசியில் சுமைக்காரர்கள் அத்தனை பேருக்கும் மேஸ்திரி ஆனவன். எவன் தயவும் இல்லை, எவன் சிபாரிசும் இல்லை. இப்படி வளர்ந்த ஒருத்தனைப் பற்றி எழுத, நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்தவனால் ஆகாது. தோளில் தழும்பு உள்ளவன்தான் எழுத வேண்டும்.

யார்டு என்றால் சும்மா இல்லை. செத்த கப்பலின் வயிறு, ஓடி முடித்த பஸ், ஆலையிலிருந்து கழற்றிப் போட்ட பாய்லர் எல்லாம் அங்கேதான் வந்து விழும். கேஸ் கட்டர் பிடிக்கிறவர்கள் நெருப்பால் அறுப்பார்கள். அறுத்ததைச் சங்கிலியில் மாட்டி கிரேன் தூக்கும். கீழே சுமைக்காரர்கள் தாங்கி, திருப்பி, லாரியில் அடுக்குவார்கள். நடுவில் மேஸ்திரி நிற்பான். அவன் கை மேலே போனால் தூக்கு, பக்கவாட்டில் விரித்தால் நிறுத்து, கீழே வெட்டினால் விடு. அந்த இரைச்சலில் வாய்க்கு வேலை இல்லை. மேஸ்திரியின் கையை நம்பித்தான் மற்றவன் கை தகட்டுக்கு அடியில் இருக்கும்.

இரும்போடு பழகினவன் மனசும் இரும்பாகிவிடும். உரசினால் பொறி பறக்கும். முறைத்தான் என்று ஒரு சண்டை, முறைக்கவில்லை, என்னை மதிக்கவில்லை என்று இன்னொரு சண்டை. உதடு கிழியாத வாரம் யார்டில் கிடையாது. ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு முறை இருந்தது. வேறெங்கும் அப்படி ஒன்று இல்லை.

சண்டை முடிந்த மறுநாள், சாப்பாட்டு வேளையில், ஜெயித்தவன் ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏறி நிற்க வேண்டும். நின்று, சண்டையைச் சொல்ல வேண்டும். எவ்வளவு ஏற்றிச் சொல்ல முடியுமோ அவ்வளவு ஏற்றலாம். தோற்றவன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் "ஆமா" போட வேண்டும். அவனோடு சேர்ந்து யார்டே ஆமா போடும். ஆமா போடாதவன் மனுஷனே இல்லை. இதில் தோற்றவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். எருமை முட்டி விழுந்தேன் என்றால் அசிங்கம். யானை முட்டி விழுந்தேன் என்றால் அது பெருமை. அடித்தவனை யானை ஆக்கிவிட்டால் அடிபட்டவனும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். பகை அன்றைக்கே தீர்ந்துவிடும். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஜெயித்தவன்தான் ஏற வேண்டும்.

அந்தப் பீப்பாய்க்குச் சம்மட்டிதான் சொந்தக்காரன் போல இருந்தான். ஒரு தடவை வம்புக்கு வந்த லாரி டிரைவரைப் போட்டு மிதித்துவிட்டு, மறுநாள் ஏறிச் சொன்னான்: "விட்டேன் பாரு ஒரு அறை! பல்லு தெறிச்சுப் போய் கிரேன் கண்ணாடியை உடைச்சுது. கிரேன்காரன் மழைன்னு நினைச்சு வைப்பரைப் போட்டான்."

வாய் வீங்கின டிரைவர், "ஆமா, என் பல்லுதான். இன்னும் அங்கேதான் கிடக்கு," என்றான். யார்டு சிரித்த சிரிப்பில் தகடெல்லாம் அதிர்ந்தது.

சம்மட்டியின் மனைவி பாலர் பள்ளியில் ஆயா. குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கிற வேலை. யார்டில் அவளை டீச்சரம்மா என்பார்கள். கிண்டல் பாதி, மரியாதை பாதி. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் சாயங்காலப் பொழுது போக வேண்டுமே என்று தபால் வழியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் ஒரு தடவை கோட்டை விட்டவள். அதனால் வெங்காயம் நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

"உள்ளதை உள்ளபடி அழகாச் சொல்றது தன்மை நவிற்சி அணி. உள்ளதுக்கு மேல ஏத்திச் சொல்றது உயர்வு நவிற்சி அணி."

"ஏத்திச் சொல்றதுக்குப் பேரே வச்சிருக்கானுங்களா?"

"பேரு, விளக்கம், உதாரணம் எல்லாம் இருக்குங்க."

"உதாரணத்துக்கு என் பேரைப் போடச் சொல்லு."

"போடுவாங்க. பொய்யின்னு தனியா ஒரு பாடம் வந்தா."

அவன் சிரித்துக்கொண்டே தட்டை இழுத்தான். "அது கிடக்கட்டும். அந்த இன்னொண்ணு எதுக்கு? உள்ளதை உள்ளபடி சொல்றதுக்கு ஒருத்தன் வேணுமா? கண்ணிருக்கிறவன் பார்த்துக்க மாட்டானா?"

"அதுதாங்க இருக்கிறதிலேயே கஷ்டம். உவமை, உருவகம் எல்லாம் நான் அஞ்சு நிமிஷத்துல எழுதிடுவேன். இதுலதான் போன தடவை கோட்டை விட்டேன்."

மறுநாளே அவன் யார்டுக்குள் போய், "டேய், நாம சொல்றது பொய் இல்லைடா. உயர்வு நவிற்சி! புஸ்தகத்துல அச்சடிச்சிருக்கான்!" என்று முழங்கினான். கேஸ் கட்டர் பிடிக்கிற மூத்த ஆள், வாயில் பீடி இல்லாமல் யாரும் பார்த்திராத புகையண்ணன், "நம்ம வாய்க்கும் ஒரு நகை மாட்டிட்டாங்கப்பா," என்றார்.

இந்தச் சந்தோஷத்துக்கெல்லாம் கண்பட்ட மாதிரி ஒரு நாள் வந்தது.

சுமைக்காரர்களில் கொக்கி என்று ஒருத்தன். ஒல்லிக்குச்சி. ஊதினால் பறப்பான். ஆனால் சுமை இழுக்கிற இரும்புக் கொக்கி அவன் கையில் இருந்தால் ரெண்டு ஆள் வேலையை ஒருத்தனாகச் செய்வான். அவன் மனைவியின் தம்பி புதிதாக வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் ஆன கையோடு வந்தவன் என்பதால் யார்டே அவனை மாப்பிள்ளை என்றது. அன்றைக்கு மாப்பிள்ளை தகட்டுக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்தான். சம்மட்டி கிரேன்காரனைப் பார்த்து ஏதோ பழைய சண்டையை அபிநயம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த வேகத்தில் கை கீழே வெட்டியது. கிரேன்காரனுக்கு அது 'விடு'. தகடு இறங்கியது.

மாப்பிள்ளையின் வலது கையில் ரெண்டு விரல் தகட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவன் கத்திய கத்தலில் கட்டர் நெருப்பெல்லாம் அணைந்தது.

ஆபீசில் கேட்டபோது சம்மட்டி, "கவனம் இல்லாம கையை வச்சுட்டான் சார், புது ஆளு," என்றான். சொல்லும்போது அவன் கொக்கியைப் பார்க்கவில்லை. கொக்கி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"லீவு நாள் அன்னைக்கு வா," என்றான் கொக்கி. "பாய்லர் குவியலுக்குப் பின்னால. நீயும் நானும் மட்டும்."

"உன்னை அடிச்சா எனக்குப் பாவம்டா."

"வர்றியா, வரலையா?"

யார்டு முழுக்க அது காதில் விழுந்தது. வராமல் இருக்க முடியுமா?

உச்சி வெயில். யார்டு வெறிச்சோடிக் கிடந்தது. வாசலில் உருக்காலைக்குப் போகிற லாரி ஒன்று மட்டும் சுமையோடு உறுமிக்கொண்டு நின்றது. பாய்லர்களுக்குப் பின்னால் தரையெல்லாம் பழைய எண்ணெய். சம்மட்டி போன உடனேயே ஒரு குத்து விட்டான். கொக்கியின் தாடை 'களுக்' என்றது. மற்றவனாக இருந்தால் அதோடு படுத்திருப்பான். கொக்கி படுக்கவில்லை. தாடை ஒரு பக்கம் தொங்க, எச்சிலும் ரத்தமும் வழிய, குனிந்து வயிற்றில் முட்டினான். எண்ணெயில் சம்மட்டியின் கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தான். அவ்வளவுதான், கொக்கி மார்பு மேல். முழங்கையால் மூக்கில் இடித்தான். கட்டைவிரலைக் கண்ணில் கொடுத்து அழுத்தினான். உடைந்த தாடையோடு காதைக் கடிக்க வந்தான், கடிக்க முடியவில்லை என்றதும் தலையாலேயே முகத்தில் மோதினான். ஒவ்வொரு மோதலுக்கும், "ரெண்டு விரல்... ரெண்டு விரல்..." என்று குழறினான்.

சம்மட்டி அவனை உதறித் தள்ளி எழுந்தான். எழுந்து பார்த்தால், கொக்கியின் கையில் கொக்கி. சுழற்றிக்கொண்டு முகத்துக்கு வருகிறான். அந்தக் கண்ணில் சண்டை இல்லை, சாவு இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. அத்தனை வருஷத்தில் நடக்காதது. சம்மட்டி திரும்பி ஓடினான்.

நாலு எட்டு வைத்திருப்பான். தோள்பட்டைக்குக் கீழே கொக்கி இறங்கியது. உள்ளே போனபோது வலிக்கவில்லை. வெளியே இழுத்தபோது உயிர் கூடவே வந்தது. துருத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தான். தண்ணீர் சிவப்பாகியது. மேலே, கொக்கியின் குரல் குழந்தைக் குரல் மாதிரி கேட்டது: "செத்துட்டான்... ஐயோ, செத்துட்டான்!" கொக்கி இரும்பு கீழே விழுந்த சத்தம், பிறகு ஓடுகிற கால் சத்தம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் சம்மட்டி பார்த்தான்: உருக்காலை லாரி நகர, கொக்கி ஒற்றைச் செருப்போடு பின்பலகையில் தொற்றி ஏறி, இரும்புக்குள் மறைந்தான்.

வீட்டில் மனைவி காயத்தைக் கழுவினாள். "எப்படிப் பட்டது?"

"இரும்பு பிளேட்டு கீறிடுச்சு."

"பிளேட்டு இப்படி ஓட்டை போடுமா?"

"எங்க யார்டு பிளேட்டு போடும்."

அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள், கொஞ்சம் பலமாகவே.

மறுநாள் சாப்பாட்டு வேளை. கொக்கி வரவில்லை. சம்மட்டியின் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தாலும் ஆள் வந்து நிற்கிறானே! நிற்கிறவன்தானே ஜெயித்தவன்? புகையண்ணன் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "ஏறுப்பா!"

ஏறாமல் இருந்திருக்கலாம். "கீழேயே இருக்கேன்" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அத்தனை முகமும் அண்ணாந்து பார்த்தபோது கால் தானாக ஏறிவிட்டது.

"பிடிச்சு அடிச்சேன் பாரு! அவன் தலை பட்டு பாய்லர் ரெண்டாப் பொளந்தது!"

"ஆமா!"

"அப்பவும் ஆத்திரம் அடங்கல. கேஸ் கட்டரை எடுத்தேன். தலை தனி, கை தனி, கால் தனி!"

"ஆமா!"

"அள்ளி லாரியில போட்டு உருக்காலைக்கு அனுப்பிட்டேன். இந்நேரம் கம்பியாகி எவன் வீட்டுக் கூரையிலயோ நிக்கிறான்!"

"ஆமா! ஆமா!" யார்டு குலுங்கியது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மட்டும் ஆமா போடவில்லை. எழுந்து போய்விட்டான்.

நாள் போயிற்று. கொக்கி வேலைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அவன் மனைவி தம்பியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினாள். "எங்க வீட்டுக்காரரை மேஸ்திரி வெட்டிப் போட்டுட்டான் சார். பீப்பாய் மேல நின்னு அவனே சொன்னான். ஊரே கேட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் அந்த இடத்துக்குப் புதிது. நேரே பாய்லர் குவியலுக்குப் பின்னால் போனார். காய்ந்த ரத்தம் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பக்கத்தில் கொக்கியின் ஒற்றைச் செருப்பு. ரத்தம் ஒட்டிய இரும்புக் கொக்கி. வேறென்ன வேண்டும்? சம்மட்டியின் கையில் விலங்கு ஏறியது.

லாக்கப்பில் அவன் முதுகைச் சுவரோடு ஒட்டியே உட்கார்ந்தான். எழுந்து நில் என்றால் சுவரைத் தேய்த்துக்கொண்டே எழுவான். ஏட்டு அதைத் திமிர் என்று நினைத்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தார். "உடம்பை எங்கடா போட்டே?" சம்மட்டி வாயில் ஊறின ரத்தத்தை விழுங்கினான். கொல்லவில்லை என்று சொல்லலாம். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பார்களே!

ஸ்டேஷன் முற்றத்தில் யார்டு ஆட்களை வரிசையாக நிற்க வைத்து விசாரணை. லாக்கப் கம்பி வழியே எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. முதலில் புகையண்ணன். பீடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டிருந்தார்கள். பீடி இல்லாத முகம் அனாதை மாதிரி இருந்தது.

"அவன் சொன்னதை நீ கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"உண்மையா அது?"

"தம்பி சொன்னா உண்மைதான்."

"தலை தனி, கை தனின்னு வெட்டினானா?"

"ஆமா சார்."

"நீ பார்த்தியா?"

"பார்க்கல. ஆனா ஆமா."

"பாய்லர் ரெண்டாப் பொளந்துச்சா?"

"ஆமா சார்."

"நான் இப்பத்தான்யா பார்த்துட்டு வரேன், முழுசா இருக்கு!"

புகையண்ணன் ஒரு கணம் யோசித்தார். "ஒட்ட வச்சிருப்பாங்க சார்."

அடுத்தவன் ஆமா. அதற்கடுத்தவன் ஆமா. மேஸ்திரியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் ஒவ்வொருத்தனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமா போட்டான். இல்லை என்றால் சம்மட்டி பொய்யன் ஆகிவிடுவானே! கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒவ்வொரு ஆமாவும் தூக்குக் கயிற்றில் ஒரு முறுக்கு ஏறுவது மாதிரி கேட்டது. அவன் வளர்த்த விசுவாசம் அவன் கழுத்துக்கே வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் டீச்சரம்மா வந்தாள். கையில் பாடப் புத்தகம். நேரே இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் போய், பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"சார், இவங்க வழக்கம் இது. இதுக்குப் பேரு உயர்வு நவிற்சி. கொன்னேன்னு சொன்னா கொன்னதா அர்த்தம் இல்லை."

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நானும் இதைப் படிச்சவன்தாம்மா. நீங்க சொல்றது சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஏத்திச் சொல்றதுன்னா, ஏத்தறதுக்கு அடியில ஏதோ ஒண்ணு இருக்கணும் இல்லையா? குளத்தைப் பார்த்தவன்தான் கடல்னு சொல்வான். ஒண்ணுமே இல்லாத இடத்துல நின்னு கடல்னு சொன்னா, அதுக்கு அணின்னு பேரு இல்லை. அங்கே ரத்தம் இருக்கு, செருப்பு இருக்கு, ஆளைக் காணோம். அடியில இருந்தது என்ன? அதை உங்க வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்க. நான் விட்டுடறேன்."

அவள் திரும்பினாள். லாக்கப்பைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டியிருந்த அந்த முதுகைப் பார்த்தாள். மேஜை மேல் கிடந்த ரத்தக் கொக்கியைப் பார்த்தாள். அதன் முனை எவ்வளவு பருமன் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஓட்டையில் தினமும் பஞ்சு வைத்தவள் அவள்தான்.

கம்பிக்கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "முதுகைக் காட்டுங்க."

"போயிடு."

"காட்டுங்கன்னு சொல்றேன்."

"தூக்குல வேணா தொங்கறேன். அதைக் காட்ட மாட்டேன். அத்தனை பேரும் நிக்கிறானுங்க." அவன் கண் கலங்கியிருந்தது. நெஞ்சில் வாங்கினால் பதக்கம், முதுகில் வாங்கினால் கறை. இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்து வந்ததில்லை. ரத்தத்தில் ஊறி வந்தது.

"சரி, தொங்குங்க," என்றாள் அவள். "தொங்கினப்புறம் குளிப்பாட்டுவாங்க இல்ல? அப்ப திருப்பிப் போட மாட்டாங்களா? முதுகை எங்கே கொண்டு போய் ஒளிப்பீங்க?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஏட்டைக் கூப்பிட்டான். "வெளியில விடுங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்."

முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டையைக் கழற்றினான். ஒட்டியிருந்த துணி பிய்ந்து, காயம் மறுபடி கசிந்தது. யார்டு ஆட்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். யாரோ ஒருத்தன் "ஐயோ" என்றான்.

"நான் அடிச்சேன். அவன் தாடை உடைஞ்சுது," என்றான் சம்மட்டி. "அப்புறம் நான் வழுக்கி விழுந்தேன். அவன் என் மேல ஏறி அடிச்சான். நான் எழுந்தேன். அவன் கொக்கியை எடுத்தான். எனக்கு பயம் வந்துச்சு. ஓடினேன். பின்னால இருந்து குத்தினான். விழுந்தேன். செத்துட்டான்னு கத்திட்டு ஓடினான். உருக்காலை லாரியில ஏறினதைப் பார்த்தேன். நான் ஜெயிக்கல."

அதில் ஒரு 'போல' இல்லை. ஒரு 'மாதிரி' இல்லை. அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. டீச்சரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் உடனே நம்பிவிடவில்லை. சாகிறதுக்கு முன்னால் கொக்கி குத்தியிருக்கலாமே என்றார். ஆனால் லாரி என்று ஒரு நூல் கிடைத்துவிட்டது அல்லவா? உருக்காலை இருக்கிற ஊருக்குப் போன் போனது. மறுநாளே ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஆலைக்கு எதிர்த்தாற்போல் ஒரு டீக்கடையில், தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கொக்கி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தானாம். போலீஸைப் பார்த்ததும், "மேஸ்திரியை நான்தான் கொன்னேன், என்னைத் தூக்குல போடுங்க," என்று குழறிக்கொண்டே காலில் விழுந்தானாம். ஸ்டேஷனில் கொண்டுவந்து சம்மட்டி முன்னால் நிறுத்தினபோது, பேயைப் பார்த்தவன் போல அலறினான். பிறகு சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதான்.

"புகார் எழுதித் தர்றியா?" என்று இன்ஸ்பெக்டர் சம்மட்டியைக் கேட்டார். "முதுகுல குத்தியிருக்கான். உள்ளே போட்டுடலாம்."

"சண்டையில பட்டது சார். நான்தான் முதல் அடி அடிச்சேன்."

கொக்கி கையைக் கூப்பினான். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, பொய்ச் சாட்சி சொன்னதற்காக யார்டு ஆட்கள் அத்தனை பேரையும் வரவழைத்து வெயிலில் முட்டி போட வைத்தார். வயசான புகையண்ணனும் போட்டார். கொதிக்கிற தரையில் அவர் முட்டி தோல் உரிந்தது.

அங்கேதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. சம்மட்டி ஓடினான் என்பதைக்கூட அவர்கள் பொறுத்திருப்பார்கள். பயம் யாருக்கு வராது? ஆனால் தோற்றவன் பீப்பாய் மேல் ஏறினான். இல்லாத ஒன்றுக்குத் தங்களை ஆமா போட வைத்தான். போலீஸ் வரைக்கும் போய் ஆமா போட வைத்தான்.

சம்மட்டி மறுநாள் யார்டுக்கு வந்தபோது யாரும் பேசவில்லை. மேஸ்திரி நிற்கிற இடத்தில் புகையண்ணன் நின்றார். சம்மட்டி அந்த இடத்துக்குப் போகவில்லை. சாப்பாட்டு வேளை வரைக்கும் மற்றவர்களோடு ஒருத்தனாகத் தகடு சுமந்தான். காயத்தின் மேல் தகடு உட்கார்ந்தபோது பல்லைக் கடித்தான். மணி அடித்ததும் நடு யார்டில் போய் நின்று, சட்டையைக் கழற்றிப் போட்டான்.

"ஆமா போட்டவன் எல்லாம் வாங்க," என்றான். "ஆளுக்கு ஒண்ணு."

புகையண்ணன்தான் முதலில் வந்தார். "உன்னைச் சொந்தத் தம்பின்னு நினைச்சேனேடா!" என்று சொல்லி அறைந்தார். வயசான கைதான், ஆனால் வாழ்நாளெல்லாம் கட்டர் பிடித்த கை. சம்மட்டியின் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. அடுத்தவன் வயிற்றில் குத்தினான். அடுத்தவன் நெஞ்சில். கிரேன்காரன் மேலே இருந்து இறங்கி வந்து, உதட்டில் போட்டான். சிலர் ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தி, தட்டிவிட்டுப் போனார்கள். அவர்களை, "ஒழுங்கா அடிடா," என்று அவனே திட்டினான். மூக்கிலிருந்து வழிந்தது மார்பு வரைக்கும் வந்தது. அவன் கையை உயர்த்தவில்லை. ஒவ்வொருத்தன் வரும்போதும் அவனுக்கு நேராகத் திரும்பி, முகத்தைக் கொடுத்தான்.

எல்லோரும் முடிந்தபிறகு மாப்பிள்ளை வந்தான். அவன் ஆமா போடாதவன். அவனுக்கு அடி பாக்கி இல்லை. கட்டுப் போட்ட கையோடு எதிரே நின்றான்.

சம்மட்டி வீங்கின வாயால் சொன்னான்: "நீ கவனம் இல்லாம வைக்கல. நான்தான் சைகையைத் தப்பாக் காட்டினேன். கிரேன்காரன்கிட்ட கதை அளந்துக்கிட்டு இருந்தேன். ஆபீசுலயும் போய்ச் சொல்லிட்டேன், காலையிலேயே."

மாப்பிள்ளை இடது கையால் அடித்தான். பழக்கமில்லாத கை. அடி சரியாக விழவில்லை. மறுபடி அடித்தான். மறுபடி. அழுதுகொண்டே அடித்தான்.

"ஆளுக்கு ஒண்ணுன்னுதானே பேச்சு?" என்று கிரேன்காரன் குறுக்கே வந்தான்.

"தள்ளு," என்றான் சம்மட்டி. "அவன் கணக்கு வேற."

கிரேன்காரன் தள்ளி நின்றான். இடது கை மறுபடி ஓங்கியது. மணி அடித்தும் யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. அந்தக் கை ஓய்கிற வரைக்கும் சம்மட்டி அதற்கு நேரே நின்றான்.